கழிவுநீரில் கன உலோகங்கள்: கவர்பொருள்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கழிவுநீரிலிருந்து ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற நச்சு உலோகங்களைக் கவர்பொருள்களால், அதாவது உலோகத்தைத் தங்கள் மேற்பரப்பில் ஒட்டவைக்கும் திடப்பொருள்களால், பிரிக்கும் வேலையில் இருப்பவர்களிடம் மாணவர்கள், சிறிய ஆலை நடத்துபவர்கள், வீட்டுக் குடிநீரை நினைத்துக் கவலைப்படுபவர்கள் என்று பலரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான். திரும்பத் திரும்பக் காதில் விழுந்தவற்றை, கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில் வரும், சிக்கலானவை போகப் போக வரும். அவசரமாகப் படிப்பவர்கள் 99 சதவீதம் பற்றிய கேள்வியையும், பயன்படுத்தி முடித்த பொருளை என்ன செய்வது என்ற கேள்வியையும் மட்டும் தவறவிடாதீர்கள்.

கன உலோகம் என்று எதைச் சொல்கிறீர்கள்? இரும்பும் கனமானதுதானே, அதற்கு ஏன் யாரும் பயப்படுவதில்லை?

எடையை மட்டும் வைத்து இந்தப் பெயர் வரவில்லை. கழிவுநீர் பற்றிப் பேசும்போது, குறைந்த அளவிலேயே உயிர்களுக்குத் தீங்கு செய்யும் உலோகங்களைத்தான் இப்படிச் சொல்கிறோம்: ஈயம், பாதரசம், காட்மியம், குரோமியம், நிக்கல் ஆகியவை. செம்பும் துத்தநாகமும் உடலுக்குச் சிறிதளவு தேவை, மிகுந்தால் கெடுதல். ஆர்சனிக் முழு உலோகம் இல்லை என்றாலும் தொல்லை ஒரே மாதிரியானது என்பதால் இதே பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். வித்தியாசம் எவ்வளவு என்று பார்க்க, உலக சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வழிகாட்டு அளவுகள் போதும். ஒரு லிட்டரில் செம்பு 2 மில்லிகிராம் வரை இருக்கலாம். ஈயமும் ஆர்சனிக்கும் 10 மைக்ரோகிராம், காட்மியம் வெறும் 3 மைக்ரோகிராம்.

பயத்துக்கு இன்னொரு காரணம், இவை அழிவதில்லை. சாக்கடையில் கலக்கும் உணவுக் கழிவை நுண்ணுயிர்கள் தின்று தீர்த்துவிடும். ஈயத்தை எந்த உயிரும் தின்று வேறொன்றாக மாற்ற முடியாது. அது சேற்றிலும் மீனிலும் பயிரிலும் சேர்ந்துகொண்டே போகும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிச்சத்துக்கு வந்த நோய்க்குக் காரணம், ஆலைக் கழிவில் வந்த மெத்தில் பாதரசம் கடல் மீன்கள் வழியாக மனிதர்களுக்குள் போனது. அதே நாட்டின் ஜின்சு ஆற்றுப் பகுதியில் சுரங்கத்திலிருந்து வந்த காட்மியம் நெல் வயல்களில் படிந்து, எலும்புகளை நொறுக்கும் இதாய்-இதாய் நோயைக் கொண்டுவந்தது.

தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறதே, கொதிக்க வைத்தால் போதாதா?

போதாது. கொதிக்க வைப்பது கிருமிக்கான வைத்தியம். உலோகம் அங்கேயே இருக்கும், தண்ணீர் ஆவியாகிப் போவதால் அதன் செறிவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். கரைந்திருக்கும் ஈயத்துக்கும் ஆர்சனிக்குக்கும் இந்த அளவுகளில் நிறமோ மணமோ சுவையோ கிடையாது. ஆய்வகத்தில் அளந்தால்தான் தெரியும்.

பரப்புக் கவர்தல் என்றால் என்ன? உறிஞ்சுதல்தானே அது?

இரண்டும் வேறு. உறிஞ்சுதலில் ஒரு பொருள் இன்னொன்றின் உடம்பு முழுவதும் பரவிவிடும். பரப்புக் கவர்தலில் அது மேற்பரப்பில் மட்டும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்ட இடம் கொடுக்கும் திடப்பொருளை இங்கே சுருக்கமாகக் கவர்பொருள் என்று சொல்கிறேன்.

மேற்பரப்பு மட்டும்தானா என்று அலட்சியமாக எண்ண வேண்டாம். நல்ல ஆக்டிவேட்டட் கார்பனில் ஒரு கிராமுக்கு 500 முதல் 1,500 சதுர மீட்டர் வரை பரப்பு இருக்கும், எல்லாம் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளின் உட்சுவர்கள். ஆனால் உலோக அயனியைப் பொறுத்தவரை, பரப்பு எவ்வளவு என்பதைவிட அந்தப் பரப்பில் என்ன இருக்கிறது என்பதே முக்கியம். கார்பாக்சில், ஹைட்ராக்சில், அமீன், கந்தகம் கொண்ட தயோல் ஆகிய தொகுதிகள்தான் உலோகத்தைப் பிடித்து வைப்பவை. பரப்பு குறைவாக இருக்கும் கடற்பாசி, பரப்பு மிகுந்த கரியைவிட நன்றாக ஈயத்தைப் பிடிப்பது இதனால்தான்.

சுண்ணாம்பு போட்டால் உலோகமெல்லாம் கசடாகப் படிந்துவிடுகிறதே, அப்புறம் இது எதற்கு?

சுண்ணாம்பு நல்ல முறை, மலிவான முறையும்கூட. உலோகம் லிட்டருக்கு நூற்றுக்கணக்கான மில்லிகிராம் இருக்கும் கழிவுநீரில் முதல் வேலையாக அதைத்தான் செய்ய வேண்டும். கவர்பொருளைக் கொண்டு அந்தச் சுமையைத் தூக்க நினைப்பது வீண் செலவு.

சிக்கல் கடைசிக் கட்டத்தில் வருகிறது. ஒவ்வொரு உலோகத்தின் ஹைட்ராக்சைடும் மிகக் குறைவாகக் கரையும் பிஹெச் (அமில, காரத் தன்மையின் அளவு, 7-க்குக் கீழே அமிலம், மேலே காரம்) வேறு வேறு. மூன்று இணைதிறக் குரோமியத்துக்கு 8-ஐ ஒட்டி, நிக்கலுக்கு 10-க்கு மேல். நிக்கலுக்காகப் பிஹெச்சை ஏற்றினால், முன்பே படிந்த குரோமியமும் துத்தநாகமும் மறுபடி கரையத் தொடங்கும். எல்லா உலோகங்களையும் ஒரே தொட்டியில் மைக்ரோகிராம் அளவுக்குக் கொண்டுபோவது சுண்ணாம்பால் ஆகாது. அது விட்டுவைக்கும் மிச்சத்தைப் பிடிப்பதுதான் கவர்பொருளின் இடம்.

என்னென்ன பொருள்களை இதற்குப் பயன்படுத்துகிறார்கள்?

ஆக்டிவேட்டட் கார்பன் எல்லோருக்கும் தெரிந்தது. சியோலைட், பென்டோனைட் போன்ற கனிமங்களும் களிமண்ணும் தங்களிடமுள்ள சோடியம், கால்சியம் அயனிகளைக் கொடுத்துவிட்டு உலோகத்தை எடுத்துக்கொள்ளும். இரும்பு ஆக்சைடுகளும் ஆக்டிவேட்டட் அலுமினாவும் ஆர்சனிக்குக்குப் பேர் போனவை. உமி, மரத்தூள், தேங்காய் நார், பழத்தோல், கடற்பாசி, இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் ஆகியவை உயிரிக் கவர்பொருள்கள். தொழிற்சாலைக் கழிவுகளான சாம்பலும் பாக்சைட் சேறும் உண்டு. கிராஃபீன் ஆக்சைடு, காந்தத் துகள்கள் போன்ற நானோ பொருள்கள் பெரும்பாலும் இன்னும் ஆய்வகத்தோடு நிற்கின்றன.

அயனிப் பரிமாற்ற ரெசினையும் இதே குடும்பத்தில் வைக்கலாம். ஆலைகளில் உண்மையில் அதிகம் ஓடுவது அதுவும் ஆக்டிவேட்டட் கார்பனும் இரும்பு ஆக்சைடு மணிகளும்தான்.

வீட்டில் அடுப்புக்கரியை நிரப்பி ஒரு வடிகட்டி செய்துகொண்டால் ஈயம் போய்விடுமா?

தயவுசெய்து குடிநீருக்கு இதை நம்ப வேண்டாம். அடுப்புக்கரிக்கு நுண்துளைகளும் குறைவு, உலோகத்தைப் பிடிக்கும் தொகுதிகளும் குறைவு. கடையில் வாங்கும் சாதாரணக் கார்பன் வடிகட்டிகூட குளோரின், வாடை, சில கரிமப் பொருள்களை எடுக்கத்தான் செய்யப்பட்டது. ஈயத்தைக் குறைக்கும் என்று என்.எஸ்.எஃப் 53 போன்ற தரத்தின்படி சோதித்துச் சான்று பெற்ற வடிகட்டிகள் இருக்கின்றன. வாங்குவதானால் சான்றில் ‘ஈயம்’ என்று உலோகத்தின் பெயர் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதில் எழுதிய லிட்டர் கணக்கு முடிந்ததும் மாற்றிவிடுங்கள். ஆர்.ஓ. முறை பெரும்பாலான உலோகங்களை நன்றாகவே தடுக்கும், ஆர்சனிக்கின் ஒரு வடிவத்தைத் தவிர. அது ஏன் என்று கொஞ்சம் கீழே சொல்கிறேன்.

உமியும் தோலும் சும்மா கிடைக்கிறதே, பிறகு ஏன் எல்லா ஆலையிலும் அதைப் போடுவதில்லை?

சும்மா கிடைக்கிறது என்பது பாதி உண்மை. சேகரிக்க வேண்டும், கழுவ வேண்டும், உலர்த்த வேண்டும், ஒரே அளவில் அரைக்க வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் சரக்கின் தன்மை மாறும். ஈரத்தில் வைத்தால் அழுகும். கவர்பொருளை நிரப்பித் தண்ணீரை வேகமாக ஓடவிடும் படுகையில் போட்டால் ஊதிக்கொண்டு வழியை அடைக்கும்.

பலர் கவனிக்காத ஒன்றும் உண்டு. பதப்படுத்தாத தோலையோ இலையையோ தண்ணீரில் போட்டால் அதிலிருந்து நிறமும் கரிமப் பொருள்களும் இறங்கும். ஈயம் குறைந்திருக்கும், ஆனால் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்து, அதன் வேதி ஆக்சிஜன் தேவை (கரிமக் கழிவைக் காட்டும் அளவு) ஏறியிருக்கும். ஒரு குற்றத்தைத் தீர்க்கப் போய் இன்னொன்றை ஏற்படுத்தினோம் என்றாகும். காரத்திலோ அமிலத்திலோ முன்கூட்டியே கழுவுவது, கால்சியம் கொண்டு ஆல்ஜினேட் மணிகளுக்குள் அடைப்பது போன்ற வழிகள் இருக்கின்றன. அதைச் செய்தவுடன் ‘சும்மா’ என்ற சொல் போய்விடுகிறது. அதற்காக இவற்றை ஒதுக்கச் சொல்லவில்லை. கழிவு உருவாகும் இடத்துக்குப் பக்கத்திலேயே சீரான உயிரிப் பொருள் கிடைத்தால் முயன்று பார்க்கத் தகுந்தவைதான். விலை கணக்கிடும்போது முழுக் கணக்கும் போடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

எல்லோரும் பிஹெச், பிஹெச் என்கிறார்களே, அது அவ்வளவு பெரிய விஷயமா?

இதில் பாதிக்கு மேல் அதுதான் விஷயம். பிஹெச் மாறும்போது கவர்பொருளும் மாறுகிறது, உலோகமும் மாறுகிறது. அமிலத்தன்மை அதிகமாக இருந்தால், தண்ணீரில் நிறைந்திருக்கும் ஹைட்ரஜன் அயனிகள் கவர்பொருளின் இடங்களையெல்லாம் பிடித்துக்கொண்டு பரப்பை நேர்மின் சுமையுள்ளதாக ஆக்கிவிடும். நேர்மின் அயனிகளான ஈயம், காட்மியம், செம்பு ஆகியவை அங்கே வந்து ஒட்ட வழியில்லை. பிஹெச் 5, 6 என்று ஏறும்போது பரப்பு எதிர்மின் பக்கம் சாய்ந்து, உலோகம் ஒட்டத் தொடங்கும். பரப்பின் நிகரச் சுமை பூஜ்யமாகும் பிஹெச் ஒவ்வொரு கவர்பொருளுக்கும் தனித்தனி. அதைத் தெரிந்துகொள்ளாமல் வேலையைத் தொடங்குவது குருட்டு வேலை.

அப்படியானால் இன்னும் ஏற்றலாமே என்று தோன்றும். ஒரு கட்டத்துக்கு மேல் உலோகம் தானாகவே ஹைட்ராக்சைடாகப் படிய ஆரம்பிக்கும். அது சுண்ணாம்பு செய்யும் வேலை, கவர்பொருளின் வேலை இல்லை.

குரோமியத்துக்கு மட்டும் பிஹெச் 2-இல் நன்றாக வேலை செய்கிறது என்கிறார்களே, இது தலைகீழாக இருக்கிறதே?

தலைகீழ்தான், அதற்குக் காரணமும் அதே மின்சுமைதான். ஆறு இணைதிறக் குரோமியம் தண்ணீரில் தனி உலோக அயனியாக இருப்பதில்லை. ஆக்சிஜனோடு சேர்ந்து குரோமேட், டைகுரோமேட் என்ற எதிர்மின் அயனியாக உலவுகிறது. அமிலத்தில் பரப்பு நேர்மின் சுமை பெறுவதால் அதை இழுக்கிறது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. டைஃபீனைல் கார்பசைடு சேர்த்தால் ஆறு இணைதிறக் குரோமியம் ஊதா நிறம் காட்டும். உமியோ மரத்தூளோ போட்டு ஒரு மணி நேரம் கலக்கிய பின் சோதித்தால் நிறமே வராது. முழுவதும் நீங்கிவிட்டது என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் அமிலத்தில் அந்த உயிரிப் பொருள் குரோமியத்துக்கு எலக்ட்ரானைக் கொடுத்து, அதை மூன்று இணைதிற வடிவமாக ஒடுக்கியிருக்கலாம். அந்த வடிவம் நேர்மின் அயனி, அமிலத்தில் ஒட்டாது, தண்ணீரிலேயே மிதந்துகொண்டிருக்கும், ஊதா நிறமும் காட்டாது. நச்சுத்தன்மை பெரிதும் குறைந்தது உண்மை, அது நல்ல செய்திதான். ஆனால் குரோமியம் நீங்கவில்லை. மொத்தக் குரோமியத்தையும் தனியாக அளக்காத எந்த முடிவையும் நான் ஏற்பதில்லை.

ஆர்சனிக் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறது?

அதற்கு இரண்டு முகங்கள். ஐந்து இணைதிற ஆர்சனிக் சாதாரணத் தண்ணீரில் எதிர்மின் அயனியாக இருக்கும், இரும்பு ஆக்சைடு அதை நன்றாகப் பிடிக்கும். மூன்று இணைதிற ஆர்சனிக்குக்கு பிஹெச் 9 வரைக்கும் மின்சுமையே கிடையாது. சுமை இல்லாததால் ஆக்டிவேட்டட் அலுமினாவில் சரியாகப் பிடிபடாது, ஆர்.ஓ. சவ்விலும் எளிதாக நழுவும். காற்று படாத நிலத்தடி நீரில் இந்த வடிவம்தான் அதிகம். ஆகவே முதலில் குளோரின், பெர்மாங்கனேட் போன்ற ஒன்றால் ஆக்சிஜனேற்றம் செய்துவிட்டுக் கவர்பொருளிடம் அனுப்புவார்கள். வெறும் காற்றை ஊதினால் நடக்கும், ஆனால் மிக மெதுவாக. பாஸ்பேட் அதிகம் உள்ள நீரில் இன்னொரு தலைவலி. ஆர்சனேட்டும் பாஸ்பேட்டும் அச்சு அசலாக ஒன்றுபோல நடந்துகொள்வதால் இடத்துக்குப் போட்டி போடும்.

பாதரசத்துக்குத் தனியாகப் பொருள் உண்டா?

உண்டு, கந்தகம். பாதரசத்துக்கும் கந்தகத்துக்கும் இடையிலான பிணைப்பு மிக வலுவானது. கந்தகம் ஏற்றிய கார்பன், தயோல் தொகுதி கொண்ட ரெசின் இரண்டும் இதற்காகவே செய்யப்படுகின்றன.

எங்கள் பொருள் 99 சதவீதம் நீக்குகிறது என்று விற்க வருகிறார்கள். வாங்கலாமா?

முதலில் திருப்பிக் கேளுங்கள்: எத்தனை மில்லிகிராமில் 99 சதவீதம்? லிட்டருக்கு 100 மில்லிகிராம் ஈயம் இருந்த தண்ணீரில் 99 சதவீதம் நீங்கினால் மிச்சம் 1 மில்லிகிராம், அதாவது 1,000 மைக்ரோகிராம். மேலே சொன்ன குடிநீர் அளவைப்போல நூறு மடங்கு. கழிவுநீரை வெளியேற்றும் வரம்பு குடிநீர் வரம்பைவிடத் தளர்வானது, நாட்டுக்கு நாடு மாறும். ஆனாலும் பார்க்க வேண்டியது சதவீதத்தை இல்லை, மிச்சத்தைத்தான்.

இரண்டாவது கேள்வி: ஒரு லிட்டருக்கு எவ்வளவு பொருள் போட்டீர்கள்? கை நிறைய அள்ளிப் போட்டால் எந்தச் சாதாரணப் பொருளும் 99 காட்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 கிராம் தூள் போட்டுப் பெற்ற சதவீதத்தை நம்பி ஆலையில் இறங்கினால், நாளொன்றுக்கு 10,000 லிட்டர் ஓடும் இடத்தில் 200 கிலோ தூளோடு நிற்பீர்கள்.

ஒரு கிராமுக்கு 200 மில்லிகிராம் பிடிக்கும் என்று கட்டுரையில் இருக்கிறது. அதை வைத்துக் கணக்குப் போடலாமா?

வேண்டாம். அந்த எண், தண்ணீரில் எஞ்சும் உலோகத்தையும் பொருளில் ஒட்டியதையும் இணைக்கும் லாங்மியூர் சமன்பாட்டிலிருந்து வரும் உச்சக் கொள்ளளவு. தண்ணீரில் உலோகம் ஏராளமாக இருக்கும்போது மட்டுமே அதை நெருங்க முடியும். நமக்கு வேண்டியதோ, வெளியே போகும் தண்ணீரில் உலோகம் மிகச் சொற்பமாக இருக்கும் நிலை. ஓர் உதாரணம் போடுகிறேன். உச்சக் கொள்ளளவு 200, லாங்மியூர் மாறிலி மில்லிகிராமுக்கு 0.05 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரில் 0.05 மில்லிகிராம் மட்டும் எஞ்சும் நிலையில், அதே பொருள் ஒரு கிராமுக்குப் பிடித்து வைப்பது ஏறக்குறைய அரை மில்லிகிராம்தான். இருநூறு எங்கே, அரை எங்கே!

அதனால் குறைந்த செறிவில் நன்றாகப் பிடிக்கும் பொருளைத் தேடுங்கள், உச்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. உலோகங்களை ஒப்பிடும்போதும் மில்லிகிராமில் ஏமாற வேண்டாம். கிராமுக்கு 100 மில்லிகிராம் ஈயம் என்பது, அணுக்களின் எண்ணிக்கையைக் காட்டும் மோல் கணக்கில், 0.48 மில்லிமோல், 40 மில்லிகிராம் நிக்கல் என்பது 0.68 மில்லிமோல். ஈய அணு கனமானது என்பதால் எண் பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவே.

என் தரவு லாங்மியூர் கோட்டில் 0.99 பொருத்தத்தோடு உட்காருகிறது. அப்படியென்றால் ஒற்றை அடுக்காக ஒட்டியிருக்கிறது என்று எழுதலாமா?

ஆய்வு மாணவர்கள் அதிகம் கேட்பது இது. எழுத வேண்டாம். லாங்மியூர் சமன்பாடு ஒற்றை அடுக்கு என்ற அனுமானத்தில் எழுதப்பட்டதுதான், ஆனால் கோடு பொருந்துவது கணக்கு, எப்படி ஒட்டியது என்பது வேதியியல். ஒரே தரவுக்கு லாங்மியூரும், ஃப்ராய்ண்ட்லிக் என்ற இன்னொரு சமன்பாடும் இரண்டும் நன்றாகப் பொருந்துவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டாம் படி வேகச் சமன்பாடு பொருந்தியதால் வேதிப் பிணைப்புதான் என்று முடிவு கட்டுவதும் இதே தவறு. ஒட்டும் விதத்தைச் சொல்ல வேண்டுமானால் எக்ஸ்ரே ஒளிஎலக்ட்ரான் நிறமாலை போன்ற நேரடிச் சான்று வேண்டும். ஈயம் ஏறிய அளவுக்குக் கால்சியம் இறங்கியதா என்று தண்ணீரில் அளந்து பார்ப்பதும் அயனிப் பரிமாற்றத்துக்கு எளிய, நல்ல சான்று.

தண்ணீரில் நான்கைந்து உலோகங்கள் சேர்ந்து இருந்தால் எல்லாவற்றையும் பிடிக்குமா?

பிடிக்கும், ஆனால் சமமாக இல்லை. கூட்டமான பேருந்தில் இருக்கைகள் இத்தனைதான் என்பதுபோல, ஒட்டும் இடங்களும் இத்தனைதான். கார்பாக்சில் தொகுதி உள்ள பொருள்களில் பெரும்பாலும் ஈயமும் செம்பும் முந்திக்கொள்ளும், காட்மியம், துத்தநாகம், நிக்கல் எல்லாம் பின்னால்.

இதில் ஆபத்தானது, ஏற்கனவே உட்கார்ந்த நிக்கலைப் பின்னால் வரும் செம்பு எழுப்பிவிடும் என்பது. ஓடும் படுகையில் இது நடந்தால், வெளியே வரும் தண்ணீரில் நிக்கல் உள்ளே போனதைவிட அதிகமாகக்கூட இருக்கும். அதனால் பலவீனமாக ஒட்டும் உலோகத்தை வைத்துத்தான் படுகையை எப்போது மாற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும். கடின நீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் இதே போட்டியில் உண்டு. அவை நச்சு இல்லை, ஆனால் எண்ணிக்கையில் ஆயிரம் மடங்கு இருக்கலாம்.

தூளாகப் போட்டுக் கலக்குவதா, மணிகளாக நிரப்பித் தண்ணீரை ஓடவிடுவதா?

தூள் விரைவாக வேலை செய்யும், ஆனால் அதைத் தண்ணீரிலிருந்து மீட்பது பெரும்பாடு. தொடர்ந்து ஓடும் ஆலைக்கு மணிகள் நிரப்பிய படுகைதான் வசதி. மணியின் உள்ளே உலோகம் ஊடுருவிப் போக நேரம் பிடிக்கும், ஆகவே தண்ணீர் படுகைக்குள் சில நிமிடங்களாவது தங்க வேண்டும். அதைவிட வேகமாகத் தள்ளினால் பொருளில் பாதி பயன்படாமலே உலோகம் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். இதைத்தான் பிரேக்த்ரூ என்கிறோம்.

என் யோசனை, எப்போதும் இரண்டு படுகைகளைத் தொடராக வையுங்கள். முதலாவது நிரம்பி உலோகம் கசிந்தாலும் இரண்டாவது காத்து நிற்கும். முதலாவதை மாற்றும்போது, இரண்டாவதை முன்னால் கொண்டுவந்து புதியதைப் பின்னால் வைத்துவிடலாம். பொருளும் முழுமையாகப் பயன்படும், ராத்திரியில் நிம்மதியாகத் தூங்கவும் முடியும்.

எனக்கு எவ்வளவு பொருள் வேண்டியிருக்கும்? தோராயமாகவாவது சொல்லுங்கள்.

நாளைக்கு 10,000 லிட்டர் தண்ணீர், அதில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் நிக்கல் என்றால், நீக்க வேண்டியது 20 கிராம். உங்கள் நிலைமையில் உண்மையாகக் கிடைக்கும் கொள்ளளவு கிராமுக்கு 10 மில்லிகிராம் என்றால், நாளைக்கு 2 கிலோ, மாதத்துக்கு 60 கிலோ. அதே தண்ணீரில் நிக்கல் 200 மில்லிகிராம் இருந்தால் நாளைக்கு 200 கிலோ! சுண்ணாம்பு முதலில் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான். ‘உண்மையாகக் கிடைக்கும் கொள்ளளவு’ என்பது கட்டுரையிலிருந்து எடுக்கும் எண் இல்லை. உங்கள் தண்ணீரை ஒரு சிறிய படுகையில் ஓட்டிப் பார்த்து எடுக்க வேண்டிய எண்.

ஆய்வகத்தில் அருமையாக வந்தது, ஆலைத் தண்ணீரில் எடுபடவே இல்லை. என்ன காரணம்?

ஆய்வகத்தில் பெரும்பாலும் வாலை வடிநீரில் ஈய நைட்ரேட்டைக் கரைத்துச் சோதிக்கிறார்கள். அங்கே போட்டியே கிடையாது. ஆலைத் தண்ணீரில் உப்பு, எண்ணெய், சோப்பு, கடினத்தன்மை எல்லாம் சேர்ந்து வரும். நான் முதலில் சந்தேகப்படுவது, உலோக அயனியைக் கவ்விப் பிடித்துக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும் கொடுக்கிணைப்பிகளை. மின்முலாம் பூசும் தொட்டிகளில் சயனைடு, அம்மோனியா, சிட்ரேட், இ.டி.டி.ஏ. போன்றவற்றை உலோகம் படிந்துவிடாமல் கரைந்தே இருக்க வேண்டும் என்று வேண்டுமென்றே சேர்க்கிறார்கள். கழுவும் நீரில் வரும்போதும் அவை உலோகத்தை விடுவதில்லை. இ.டி.டி.ஏ. பிடித்த செம்பு எதிர்மின் சுமையோடு இருக்கும், நேர்மின் அயனிக்காகச் செய்த பொருள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. முதலில் அந்தப் பிணைப்பை உடைக்க வேண்டும், அல்லது அந்தக் கழிவோடையை மற்றவற்றோடு கலக்காமல் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும்.

சோதனை செய்யும்போது எங்கெல்லாம் ஏமாற வாய்ப்பு?

சாம்பல், கழுவாத கரி, பாக்சைட் சேறு போன்றவற்றைத் தண்ணீரில் போட்டவுடன் பிஹெச் 9, 10 என்று ஏறிவிடும். தொடக்கப் பிஹெச் 5 என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கும், முடிவில் யாரும் அளந்திருக்க மாட்டார்கள். குடுவையின் அடியில் வெண்மையாகப் படிந்திருக்கும் ஹைட்ராக்சைடை வடிதாள் பிடித்துக்கொள்ளும், பெயர் கவர்பொருளுக்குப் போகும். கடைசிப் பிஹெச்சை எப்போதும் அளங்கள். அதே பிஹெச்சில் கவர்பொருள் போடாத இன்னொரு குடுவையையும் கூடவே ஓட்டுங்கள். அதிலும் உலோகம் குறைந்தால் காரணம் படிவாக இருக்கலாம், குடுவைச் சுவரோ வடிதாளோ பிடித்ததாகவும் இருக்கலாம். இந்த ஒரு குடுவை இல்லாததால் பயனற்றுப்போன உழைப்பு ஏராளம்.

நிரம்பிய பொருளை எத்தனை முறை கழுவிப் பயன்படுத்தலாம்?

பொருளைப் பொறுத்தது. நேர்மின் உலோகங்களுக்கு 0.1 மோலார் அளவிலான நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும், பிஹெச் கேள்வியில் சொன்னபடி ஹைட்ரஜன் அயனிகள் இடத்தைப் பிடித்து உலோகத்தை வெளியே தள்ளும். அலுமினாவில் ஒட்டிய ஆர்சனிக்குக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு. ரெசின் பல சுற்றுகள் தாங்கும். பதப்படுத்தாத உயிரிப் பொருள் ஒவ்வொரு அமிலக் கழுவலிலும் கொஞ்சம் கரைந்து எடை குறையும், சீக்கிரமே தளர்ந்துவிடும்.

கழுவிய அமிலம் எங்கே போகிறது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கான லிட்டரில் இருந்த உலோகம் இப்போது சில லிட்டரில் அடர்ந்திருக்கிறது. செம்பு, நிக்கல் போன்றவையானால் மின்னாற்பகுப்பில் உலோகமாகவே மீட்கலாம், அதுதான் அருமையான முடிவு. மீட்கத் திட்டமில்லாமல் கழுவுவதில் பொருளில்லை. அந்த அமிலத்தைச் சாக்கடையில் விட்டால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுவோம்.

பயன்படுத்தி முடித்த உமியை எரித்துவிடலாமா? உரமாகப் போடலாமா?

உரமாக வேண்டவே வேண்டாம். ஜின்சு ஆற்று வயல்களில் நடந்ததை நாமே நம் கையால் செய்வதாகிவிடும். எரிப்பதும் தீர்வு இல்லை. எரிந்து போவது உமிதான், உலோகம் போகாது. பாதரசம் ஆவியாகிக் காற்றில் கலக்கும், காட்மியமும் ஆர்சனிக்கும் புகையோடு போகக்கூடும், மற்றவை சாம்பலில் முன்னைவிட அடர்த்தியாகத் தங்கும். சுண்ணாம்பு கலந்த சாம்பலில் மூன்று இணைதிறக் குரோமியம் சூட்டில் மறுபடி ஆறு இணைதிற வடிவத்துக்குத் திரும்பும் அபாயமும் உண்டு.

சரியான வழி, முதலில் கசிவுச் சோதனை. கழிவை நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் 18 மணி நேரம் சுழற்றி எவ்வளவு உலோகம் இறங்குகிறது என்று பார்ப்பது இதில் பரவலான ஒன்று. வரம்பு தாண்டினால் அது அபாயக் கழிவு. சிமெண்டில் கலந்து கெட்டியாக்கி, அடிப்பகுதி காப்பிட்ட பாதுகாப்பான நிலநிரப்பிடத்தில் சேர்க்க வேண்டும். இரும்பு ஆக்சைடில் ஒட்டிய ஆர்சனிக்குக்கு இன்னும் எச்சரிக்கை தேவை. காற்றில்லாத குப்பை மேட்டில் இரும்பே ஒடுங்கிக் கரைந்து, பிடித்து வைத்ததை விட்டுவிடும். அசிட்டிக் அமிலச் சோதனையில் தேறிய கழிவுக்கும் இது நேரலாம்.

நானோ பொருள்கள் வந்துவிட்டதே, இந்தப் பழைய கரியும் களிமண்ணும் இனி எதற்கு?

நானோ பொருள்களில் ஆர்வமூட்டும் வேலை நடக்கிறது, மறுக்கவில்லை. காந்த இரும்பு ஆக்சைடைத் தண்ணீரில் கலக்கிவிட்டுக் காந்தத்தால் திரும்ப இழுத்துவிடலாம் என்பது, தூளை மீட்கும் சிக்கலுக்கு அழகான பதில். ஆனால் கிராம் கணக்கில் செய்வதை டன் கணக்கில் செய்ய விலையும் கரைப்பான் கழிவும் இடிக்கின்றன. துகள் தப்பித்து நீரில் கலந்தால் உலோகத்தையும் சுமந்துகொண்டு போகும்.

கடைசியாக ஒன்று. என் தண்ணீருக்கு எது பொருந்தும் என்று ஒரே வார்த்தையில் சொல்ல மாட்டீர்களா?

தண்ணீரின் அறிக்கையைப் பார்க்காமல் சொன்னால் அது ஊகம். எந்தெந்த உலோகம், எந்த வடிவத்தில், பிஹெச் எவ்வளவு, கடினத்தன்மை, கொடுக்கிணைப்பிகள் உண்டா, நாளைக்கு எத்தனை லிட்டர், எந்த வரம்புக்குள் வர வேண்டும் என்ற விவரங்கள் கையில் இருந்தால் பட்டியல் தானாகவே இரண்டு மூன்று பொருள்களாகச் சுருங்கிவிடும்.

மாதிரி எடுப்பதையும் சரியாகச் செய்யுங்கள். மொத்த உலோகத்தை அளக்க அனுப்பும் புட்டியில் பிஹெச் 2-க்குக் கீழே வரும்வரை நைட்ரிக் அமிலம் விட வேண்டும், இல்லாவிட்டால் புட்டியின் சுவரே உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆறு இணைதிறக் குரோமியத்துக்கு மட்டும் அமிலம் விடாத தனிப் புட்டி. அதைக் குளிரில் வைத்து, தாமதிக்காமல் ஆய்வகத்தில் சேர்த்துவிடுங்கள்.